ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி: குமரி மாவட்டத்தில் ஆங்கிலம் படிப்பவர்கள் வாங்கலாமா?

ஆங்கிலம் படிக்கிறவர்களைப் பெரிய வார்த்தைகள் அவ்வளவாகச் சோதிப்பதில்லை. 'ஹைப்பர்டென்ஷன்' என்றால் ஒரே பொருள்; நர்சிங் படித்த யாரும் அதில் தடுமாற மாட்டார்கள். தடுமாற்றமெல்லாம் கெட், புட், டெல், லிசன், ஸ்டில், யெட் மாதிரியான சின்ன வார்த்தைகளில்தான். அர்த்தம் தெரிந்திருக்கும், வாக்கியத்தில் எங்கே, எதோடு சேர்த்து வைப்பது என்று தெரியாது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வெளிநாட்டு வேலைக்கான ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுகளுக்குப் படிக்கும் செவிலியர்கள், தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள், கன்னியாகுமரி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளிடம் பேசிப் பிழைப்பவர்கள் என்று மூன்று தரப்புக்கும் முட்டுகிற இடம் இது ஒன்றுதான்.

இதற்கென்றே செய்யப்பட்ட பொருள் கற்போர் அகராதி. அந்த வகையில் மூத்தவற்றில் ஒன்று ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. 2020இல் வந்த பத்தாம் பதிப்பையும், அதே அகராதியின் இலவச இணையதளத்தையும் பற்றியது இந்த மதிப்புரை.

வாங்கும் முன் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். வீட்டு அலமாரியில் இருக்கும் லிப்கோ மாதிரியான ஆங்கிலத் தமிழ் அகராதி, ஒரு வார்த்தையைப் படித்தால் புரிந்துகொள்ள உதவும். கற்போர் அகராதி அந்த வார்த்தையை நீங்களே பேசவும் எழுதவும் உதவும். இரண்டும் வேறு வேறு வேலை. இந்த அகராதியின் பிறப்பிலேயே அது இருக்கிறது. ஏ.எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேய ஆசிரியர் ஜப்பானில் பாடம் நடத்திய காலத்தில் தொகுத்தது இது. முதலில் 1942இல் ஜப்பானில் வெளியானது. 1948இல் ஆக்ஸ்போர்டு தன் பதிப்பாகக் கொண்டுவந்தது. ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே 'ஏ', 'தி' என்ற ஆர்ட்டிகிள்கள் கிடையாது. ஆகவே எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது, எந்த வினைக்குப் பின் என்ன வரும் என்பதையெல்லாம் ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் குறித்துவைக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. நமக்கும் அதே தேவைதான்.

குறிப்புகளைப் பார்க்காமல் விளக்கத்தை மட்டும் படித்தால் காசுக்குக் கேடு. 'அட்வைஸ்' என்ற சொல்லைத் திறந்தால் பக்கத்திலேயே 'அன்கவுன்டபிள்' என்று இருக்கும். அந்த ஒரு சொல்லைக் கவனித்தவர் 'அட்வைசஸ்' என்றோ 'அன் அட்வைஸ்' என்றோ எழுத மாட்டார். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்பார். ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், லக்கேஜ் எல்லாம் இதே கூட்டம். தமிழில் 'தகவல்கள்', 'அறிவுரைகள்' என்று தாராளமாகச் சொல்கிறோம், அந்தப் பழக்கம்தான் அப்படியே ஆங்கிலத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்தது வினைச்சொல்லின் அமைப்பு. 'சொல்' என்ற ஒரே வினை 'சே', 'டெல்' இரண்டுக்கும் போவதால் 'ஹி செட் மீ', 'ஹி டோல்டு தட்' என்று இரண்டு பக்கமும் வழுக்கும். ஆக்ஸ்போர்டு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பெட்டிக்குறிப்பே கொடுக்கிறது. 'சே' என்பதற்கு நேரடியாக ஆளைப் பிடிக்கத் தெரியாது. இடையில் 'டு' வேண்டும். 'டெல்' பெரும்பாலும் ஆள் இல்லாமல் நிற்காது. 'ஹி செட் டு மீ', 'ஹி டோல்டு மீ'. 'டிஸ்கஸ் அபவுட்' கூடாது என்று 'டிஸ்கஸ்' என்ற சொல்லின் கீழேயே எச்சரித்திருக்கிறார்கள். கல்லூரி விண்ணப்பக் கடிதங்களில் தவறாமல் வரும் பிழை இது.

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது 'கேள்' என்ற நம் வினை. பாட்டு கேட்கிறோம், சத்தம் கேட்கிறது, வழி கேட்கிறோம், காசு கேட்கிறோம். ஆங்கிலத்தில் இவை லிசன், ஹியர், ஆஸ்க், ஆஸ்க் ஃபார் என நான்காகப் பிரிகின்றன. அகராதியில் நான்கையும் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். 'லிசன்' பக்கத்தில் 'இன்ட்ரான்சிட்டிவ்' (நேரடியாகச் செயப்படுபொருளைப் பிடிக்காத வினை) என்று இருக்கும், 'லிசன் டு சம்படி' என்ற வடிவம் தடித்த எழுத்தில் இருக்கும். ஆக 'லிசன் மீ' தவறு, 'லிசன் டு மீ' சரி. 'ஹியர்' பக்கத்தில், தொடர் காலத்தில் வராது என்ற குறிப்பு இருக்கும். ஆக 'ஐ ஆம் ஹியரிங் எ நாய்ஸ்' தவறு, 'ஐ கேன் ஹியர் எ நாய்ஸ்' சரி. 'ஆஸ்க்' நேரடியாக ஆளைப் பிடிக்கும். ஆக 'ஆஸ்க் டு ஹிம்' தவறு, 'ஆஸ்க் ஹிம்' சரி. பொருளைக் கேட்டால் 'ஃபார்' சேரும். மூன்று பிழைக்கும் தீர்வு மூன்று சின்னக் குறிப்பில் இருக்கிறது, விளக்கத்தில் ஒரு வரி கூடப் படிக்க வேண்டியதில்லை.

இங்கேதான் இந்த அகராதியின் பெரிய குறையும் தெரிகிறது. அதற்குத் தமிழ் தெரியாது. 'கேள்' என்று தேடினால் நான்கு சொற்களையும் அது கொண்டுவந்து நிறுத்தாது. 'இன்னும்' என்பதற்கும் அதே கதைதான். 'டாக்டர் இன்னும் வரல்ல' என்பதற்கு 'தி டாக்டர் ஹேஸன்ட் கம் யெட்'. 'இன்னும் மழை பெய்யுது' என்பதற்கு 'இட் இஸ் ஸ்டில் ரெய்னிங்'. 'இன்னும் கொஞ்சம் சோறு' என்பதற்கு 'சம் மோர் ரைஸ்'. எதிர்மறையிலும் கேள்வியிலும் 'யெட்' வரும் என்று அதன் பதிவு சொல்லும். ஆனால் 'யெட்' என்ற பக்கத்துக்குப் போக வேண்டும் என்று உங்களுக்கே தோன்ற வேண்டும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம் வேண்டும். பக்கத்தின் தலைப்பில் தமிழ்ச் சொல், கீழே அது ஆங்கிலத்தில் பிரியும் கிளைகள், ஒவ்வொன்றுக்கும் அகராதியில் இருந்து எடுத்த ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். ஆங்கிலச் சொல்லைத் தலைப்பாக வைத்து எழுதும் நோட்டு, பேசும் நேரத்தில் உதவுவதில்லை. பேச வரும்போது மனதில் முதலில் எழுவது தமிழ்ச் சொல்தானே.

சில இடங்களில் நம் பேச்சே வழிகாட்டும். 'அஞ்சு வருஷமாட்டு இங்கதான் வேலை' என்பதில் உள்ள 'ஆட்டு' ஆங்கிலத்தில் 'ஃபார்'. '2019லேருந்து' என்பதில் உள்ள 'லேருந்து' ஆங்கிலத்தில் 'சின்ஸ்'. கால அளவுக்கு ஃபார், தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ். தமிழே இரண்டையும் அழகாகப் பிரித்து வைத்திருக்க, 'ஐ ஆம் வொர்க்கிங் இன் திஸ் ஹாஸ்பிட்டல் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதுவானேன்? 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் திஸ் ஹாஸ்பிட்டல் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. வேலைக்கான நேர்காணலில் முதல் இரண்டு நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும்.

செவிலியர்களுக்கு இந்த அகராதியால் கிடைக்கும் பலன் தனி. 'போடு' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். லைட் போடு, டீ போடு, சட்டை போடு, கையெழுத்து போடு, கட்டு போடு, ஊசி போடு. எல்லாவற்றையும் 'புட்' என்று மாற்றினால் சட்டை, கட்டு, லைட் மட்டும்தான் தப்பும், அவற்றுக்கும் 'ஆன்' சேர்க்க வேண்டும். லைட்டை 'ஸ்விட்ச் ஆன்' என்றும் சொல்லலாம், டீயை 'மேக்' பண்ண வேண்டும், கையெழுத்துக்கு 'சைன்' போதும். ஊசிக்கு 'கிவ்'. 'ஐ கேவ் ஹிம் அன் இன்ஜெக்‌ஷன்'. இதைத் தெரிந்துகொள்ளத் திறக்க வேண்டியது 'புட்' பக்கத்தை அல்ல, 'இன்ஜெக்‌ஷன்' பக்கத்தை. எந்தப் பெயர்ச்சொல் எந்த வினையோடு கூட்டுச் சேரும் என்பது பெயர்ச்சொல்லின் பதிவில்தான் கிடைக்கும். இணையதளத்தில் பல பெயர்ச்சொற்களுக்குக் கீழே கூட்டுச்சொல் பட்டியல் ஒன்றும் இருக்கிறது, தட்டினால் விரியும். ஓஇடி எழுத்துத் தேர்வில் 45 நிமிடத்துக்குள் 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் நடை இயல்பாகத் தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் இந்தக் கூட்டுச்சொற்களால்தான்.

'மை லெக் இஸ் பெய்னிங்' என்பது இங்கே எல்லோரும் பேசுவது. ஆக்ஸ்போர்டில் 'பெய்ன்' வினையைத் திறந்தால் 'ஃபார்மல்' என்ற முத்திரையும், தொடர் காலத்தில் வராது என்ற குறிப்பும் இருக்கும். மனவருத்தம் தருவது என்ற பக்கம்தான் அதன் பொருளும் சாய்கிறது. நோயாளி சொல்வது 'மை லெக் ஹர்ட்ஸ்' அல்லது 'ஐ ஹேவ் எ பெய்ன் இன் மை லெக்'.

இதைவிட ஆபத்தானது 'சிக்'. நம்மூரில் 'சிக்' என்றால் உடம்பு சரியில்லை. பிரிட்டனில் ஒரு நோயாளி 'ஐ ஃபீல் சிக்' என்றால் பெரும்பாலும் குமட்டுகிறது, வாந்தி வரும் போலிருக்கிறது என்று பொருள். 'ஷி வாஸ் சிக் ட்வைஸ் இன் தி நைட்' என்றால் இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். உடம்பு சரியில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால் வாந்தி விவரமே காணாமல் போய்விடும். அகராதி இந்தப் பொருளுக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் வழக்கு என்று குறிக்கிறது. அமெரிக்காவுக்குப் போகிறவர்களும் அந்த முத்திரையைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்கலாம். 'ஹி ஹேஸ் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் இருக்கிறது. 'ஹேவ் யூ ஓபன்டு யுவர் பவல்ஸ் டுடே' என்றால் இன்று மலம் கழித்தீர்களா. 'லூஸ் மோஷன்' அங்கே பலருக்குப் புரியாது. 'டயரியா' என்றால் புரியும். வயதான பிரிட்டிஷ் பெண் ஒருவர் 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் காசு விஷயம் இல்லை, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்கிறார். இம்மாதிரித் தொடர்களை அச்சு நூலில் ஐடிஎம் (இடியம், அதாவது மரபுத்தொடர்) என்று குறித்த பகுதியில் தேட வேண்டும். அது ஒவ்வொரு பதிவின் கடைசியில் வரும். 'கெட் அப்', 'புட் ஆஃப்' போன்ற கூட்டு வினைகளுக்கும் அடியில் தனிப் பகுதி உண்டு.

கன்னியாகுமரி கடைத்தெருக்காரர்களுக்கு இவ்வளவு பெரிய அகராதி தேவையில்லை, இணையதளம் போதும். ஆனால் சில சொற்களை ஒருமுறையாவது தேடிப் பார்த்துவிட வேண்டும். 'கோயிலுக்குப் பின்பக்கம்' என்பதை 'பேக்சைட் ஆஃப் தி டெம்பிள்' என்கிறோம். 'பேக்சைட்' என்று வெளிநாட்டவரிடம் சொன்னால் முதலில் அவர்கள் மனதில் வருவது உட்காரும் உறுப்பு. 'பிஹைண்ட் தி டெம்பிள்' போதும். 'ஹோட்டல்' என்றால் நமக்குச் சாப்பாட்டுக் கடை, அவர்களுக்குத் தங்கும் இடம். சாப்பிட அனுப்புவதாக இருந்தால் 'ரெஸ்டாரன்ட்' என்று சொல்லுங்கள். விவேகானந்தர் பாறைக்குப் படகு பிடிக்க 'நாலு மணிக்குள்ள வரணும்' என்பதை 'கம் விதின் ஃபோர் ஓ கிளாக்' என்று மாற்றுவது அப்படியே தமிழ். 'விதின்' கால அளவுக்குத்தான் வரும், 'விதின் அன் அவர்' மாதிரி. கடிகார நேரத்துக்கு 'பை'. 'கம் பை ஃபோர்'. 'நாலு மணி வரைக்கும்' என்றால் 'அன்டில் ஃபோர்'. இந்த இரண்டும் மாறிப்போனால் வந்தவர்கள் படகைத் தவறவிடுவார்கள்.

உச்சரிப்புக்கு இணையதளத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலி இரண்டும் கேட்கலாம், இலவசம். தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைப்பதை விட்டுவிடுங்கள். நாம் எல்லா அசையையும் முழுசாகச் சொல்லிப் பழகியவர்கள். 'வெஜிடேபிள்' என்று நாலு அசையாகச் சொல்வது அங்கே 'வெஜ்டபிள்' என்று மூன்றாகச் சுருங்கும். 'ஹோட்டல்', 'டெவலப்' இரண்டிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். ஒலிக்குறியில் மேலே நிற்கும் சின்னக் கோடு, அதற்கு அடுத்த அசையை அழுத்து என்று சொல்கிறது. மற்ற குறிகள் தெரியாவிட்டாலும் இந்தக் கோட்டை மட்டுமாவது பார்த்துப் பழகினால் பேச்சு பாதி தெளிந்துவிடும்.

இந்த அகராதி யாருக்கு ஆகாது? ஆங்கிலத்தில் ஒரு பத்தி படித்தால் பாதிக்குப் பாதி புரியாத நிலையில் இருப்பவர்களுக்கு ஆகாது. விளக்கங்கள் எளிய சொற்களில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த எளிய சொற்களே தெரிய வேண்டுமே. அப்படிப்பட்டவர்கள் ஆக்ஸ்போர்டு 3000 என்ற அடிப்படைச் சொற்பட்டியலை இணையத்தில் இறக்கி, ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைக் குறி உள்ள சொற்களை முதலில் முடிக்கட்டும். அதுவரை ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கில விளக்கமும் தமிழ்ப் பொருளும் தரும் சிறிய அகராதி கையில் இருக்கட்டும். பிளஸ் டூ பாடப் புத்தகத்தைத் தடையில்லாமல் படிப்பவர்கள் நேராக இதற்கு வரலாம்.

நீளமான பதிவுகளில் பொறுமை போய்விடுவது இன்னொரு சிக்கல். 'கெட்' என்ற சொல்லுக்கு இருபதுக்கும் மேல் பொருள் இருக்கிறது. முதல் பொருளை மட்டும் படித்துவிட்டு மூடுகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு பொருளுக்கும் மேலே வழிகாட்டித் தலைப்பு ஒன்று இருக்கும்: பெறுவது, கொண்டுவருவது, வாங்குவது, நோய் வருவது என்று. தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்து, உங்கள் வாக்கியத்துக்குப் பொருந்தும் இடத்தில் நின்று படியுங்கள். இந்திய ஆங்கிலத்துக்கு இதில் இடம் குறைவு என்பது என் வருத்தம். 'ப்ரீபோன்' மாதிரிச் சிலவற்றை இந்திய வழக்கு என்று குறித்துச் சேர்த்திருக்கிறார்கள். நம் அலுவலகக் கடிதங்களில் புழங்கும் பல தொடர்களுக்கு, இது வெளியூரில் செல்லுமா என்று தேடினால் பதில் கிடைக்காது.

மற்ற அகராதிகளோடு ஒப்பிட்டால், லாங்மேன் கற்போர் அகராதி 1978இல் வந்தபோதே விளக்கச் சொற்களைச் சுமார் 2000க்குள் அடக்கியது. ஆக்ஸ்போர்டின் விளக்கம் புரியாதபோது லாங்மேன் இணையதளத்தில் பாருங்கள், பெரும்பாலும் இன்னும் எளிதாக இருக்கும். 1987இல் பர்மிங்ஹாமில் ஜான் சிங்கிளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதுகிறது. 'நீங்கள் ஒருவருக்கு இப்படிச் செய்தால்' என்று தொடங்குவதால் அந்த வினைக்கு முன்னால் யார் வருவார், பின்னால் என்ன வரும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும். வாக்கிய அமைப்பில் தடுமாறுகிறவர்களுக்கு ஆக்ஸ்போர்டை விட இது நல்லது என்றே சொல்வேன். கேம்பிரிட்ஜ் தளத்தில் ஆங்கிலத் தமிழ் அகராதியும் உண்டு, இலக்கணப் பகுதியில் ஸ்டில், யெட், ஆல்ரெடி மூன்றையும் ஒப்பிடும் பக்கமும் உண்டு. அங்கே தமிழ்ச் சொல்லைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள், கீழே உள்ள ஆங்கில எடுத்துக்காட்டு வரை போங்கள்.

இணையத்தில் இலவசமாக இருக்கும்போது அச்சு நூல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மேக்மில்லன் கற்போர் அகராதி அச்சை விட்டு இணையத்துக்கு மட்டும் என்று மாறியது. 2023 ஜூன் இறுதியில் அந்தத் தளத்தையும் மூடிவிட்டார்கள். தினமும் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரே நாளில் கை காலியானது. பேச்சிப்பாறை, கீரிப்பாறை மாதிரி மலையடிவார ஊர்களில் சிக்னல் போய்ப் போய் வருவதும் ஒரு காரணம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் அச்சு நூல் வாங்குங்கள். தனி ஆள், தேர்வுக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் இணையதளம் போதும். அச்சு நூல் கனமானது, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

பத்தாம் பதிப்பு கிடைக்காவிட்டால் 2015இல் வந்த ஒன்பதாம் பதிப்பும், 2010இல் வந்த எட்டாம் பதிப்பும் பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். டெல், ஸ்டில், லிசன் எல்லாம் பத்து வருடத்தில் மாறிவிடுவதில்லை. பத்தாம் பதிப்பில் கூடுதலாக இருப்பது ஏ1 முதல் சி1 வரையான நிலைக் குறிகள். அவை இணையதளத்திலும் இருக்கின்றன. புத்தகத்தோடு மொபைல் செயலியைத் திறக்கும் குறியீட்டு எண் வரும் பிரதிகளில், பழைய பிரதி என்றால் அந்த எண் பெரும்பாலும் பயன்படுத்தப்பட்டிருக்கும். அதற்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். நடைபாதைக் கடையில் விலை மிகக் குறைவாகச் சொன்னால் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து ஒலிக்குறிகளைப் பாருங்கள். அழுத்தக் கோடு மையில் கரைந்து தெரியவில்லை என்றால் அது நகல் அச்சு, அந்தப் பிரதி வேண்டாம்.